இலவசக் கல்வி தந்த கன்னங்கரா

எங்களிற் பலர் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டாமலே படித்தோம். அதற்கு வழி செய்தவர் 1884 இல் அம்பலாங்கொடைக்கு அருகே ரந்தொம்பேயில் பிறந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. காலி ரிச்மண்ட் கல்லூரியில் அவரும் புலமைப்பரிசில் பெற்றுப் படித்தவரே. பின்னர் சட்டத்தரணியானார். 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சர்.

1943 இல் அவரது விசேட குழுவின் அறிக்கை வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி என்றதும் பாடசாலை முகாமையாளர்கள் கலங்கினர். காரணமில்லாமல் அல்ல. சம்பளம் நின்றால் அரசாங்க நன்கொடையே கதி. நன்கொடை தரும் கை நாளை ஆசிரியர் நியமனத்திலும் தலையிடாதா? சமயச் சபைகள் கடுமையாக எதிர்த்தன. அவர் அசையவில்லை. 1945 ஒக்டோபரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1947 தேர்தலில் மத்துகமவில் அவர் தோற்றார்.

முகாமையாளர்களின் அச்சம் 1960 டிசெம்பரில் பலித்தது. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது கன்னங்கரா அமைச்சராக இருக்கவில்லை. ஆயினும் அந்த வழி அவர் காலத்திலேயே திறந்தது என்பது எங்கள் எண்ணம். அதற்காக அவரைக் குறை கூற எங்களுக்கு மனமில்லை. சம்பளம் கட்ட இயலாத வீடுகளில் முதலில் மறிக்கப்படுபவள் பெண்பிள்ளைதானே.

சில பாடசாலைகள் மட்டும் அரசாங்கத்திடம் போகாமல், கட்டணமும் வாங்காமல், பெற்றோரும் பழைய மாணவரும் சேர்த்த பணத்தில் தனித்து நின்றன. 1969 செப்டெம்பரில் கன்னங்கரா காலமானபோதும் அவை அப்படியே நடந்துகொண்டிருந்தன.