லூயி பிரெயில்

லூயி பிரெயில் (சனவரி 4, 1809 – சனவரி 6, 1852) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆசிரியரும் இசைக் கலைஞரும் ஆவார். பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கவும் எழுதவும் பயன்படும் புள்ளி எழுத்து முறையை உருவாக்கியவர். இம்முறை இவர் பெயராலேயே பிரெயில் என அழைக்கப்படுகிறது. இன்று அலுவலகக் கணினிகளில் பார்வையற்ற ஊழியர்கள் பயன்படுத்தும் தொடு திரைக்கருவிகள் இவரது புள்ளிகளையே அடிப்படையாகக் கொண்டவை.

இளமை

பாரிசுக்குக் கிழக்கே உள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சிமோன் ரெனே, குதிரைச் சேணம் தைக்கும் தோல் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது ஒரு கண்ணைக் குத்தியது. புண் மற்றொரு கண்ணுக்கும் பரவியதால் ஐந்து வயதிற்குள் பார்வை முற்றிலும் போனது. பெற்றோர் இவரை வீட்டில் முடக்கி வைக்காமல் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினர்.

1819 ஆம் ஆண்டு பாரிசில் இருந்த அரச பார்வையற்ற இளையோர் நிறுவனத்தில் சேர்ந்தார். வாலந்தின் ஆயி என்பவர் நிறுவிய இப்பள்ளியில், சாதாரண அச்செழுத்துக்களையே தாளில் புடைத்து நிற்கும்படி பெரிதாக அச்சிட்ட கனத்த நூல்கள் இருந்தன. அவை பார்ப்பவர் கண்ணுக்கு அழகானவை, படிப்பவர் விரலுக்கோ கடினமானவை. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் தடவித் தடவி அறிய வேண்டியிருந்தது. மாணவர்களால் அவ்வெழுத்தில் தாமாக எதையும் எழுத இயலவில்லை என்பது அதனினும் பெரிய குறை.

புள்ளி எழுத்து

1821 ஆம் ஆண்டு சார்லஸ் பார்பியே என்னும் முன்னாள் படை அலுவலர் தாம் வகுத்த புள்ளி முறையை இப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு குறியீட்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இடம்பெற்றன. ஒரு விரல் நுனிக்குள் அடங்காத அளவு. ஒலியைக் குறித்ததே தவிர எழுத்துக்கூட்டலையோ நிறுத்தற்குறியையோ குறிக்கவில்லை. பிரெயில் இதனைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு நிரலில் மூன்று மூன்றாக ஆறு புள்ளிகள் கொண்ட கட்டம், விரலை நகர்த்தாமலேயே ஒரே தொடுதலில் உணரத்தக்கது. புள்ளி உண்டு, இல்லை என்னும் வேறுபாட்டால் மட்டும் 63 வடிவங்கள் கிடைக்கின்றன. 1824 ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், இம்முறையை ஏறத்தாழ முடித்துவிட்டார். இசைக்குறியீட்டையும் உள்ளடக்கிய இவரது நூல் 1829 இலும் திருத்திய பதிப்பு 1837 இலும் வெளிவந்தன.

இதே காலத்தில் இலியோன் நகரில் ஜக்கார்டு தறி பரவிக்கொண்டிருந்தது. ஆரணி போன்ற பட்டு நெசவூர்களிலும் புழங்கும் ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் உயரும், இல்லையேல் உயராது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை எனினும், உண்டு-இல்லை என்னும் இருநிலைக் குறியீடே பின்னாளில் கணினிக்கும் அடிப்படையாயிற்று.

பார்வையுள்ளோருடன் எழுத்துத் தொடர்பு

பிரெயிலின் புள்ளிகளைப் பார்வையுள்ளோர் படிக்க இயலாது. பார்வையற்றவர் தம் வீட்டாருக்குக் கடிதம் எழுதவும் பிறர் உதவியை நாட வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க 1839 ஆம் ஆண்டு, வழக்கமான எழுத்து வடிவங்களையே புள்ளிகளால் குத்தி எழுதும் மற்றொரு முறையை வெளியிட்டார். அதனைக் கையால் எழுத நெடுநேரம் பிடித்தது. பார்வையற்றவரான பியேர் பூக்கோ 1840களின் தொடக்கத்தில் இதற்கென ஓர் இயந்திரம் செய்தார். தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஒரே ஆவணத்தை இரு சாராரும் கையாளவேண்டும் என்ற இம்முயற்சி அதிகம் பேசப்படுவதில்லை. அலுவலக மென்பொருள் குறித்த இன்றைய கோரிக்கையும் இதுவே.

எதிர்ப்பும் இறப்பும்

பிரெயில் அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிசுத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். 1840 இல் பொறுப்பேற்ற இயக்குநர் துபோ, பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் புரியாத எழுத்து மாணவரைத் தனிமைப்படுத்தும் எனக் கருதி அதனைத் தடுத்தார். மாணவர்கள் மறைவாகப் பயன்படுத்தினர். துணை இயக்குநர் குவாதேயின் முயற்சியால் 1844 இல் புதிய கட்டிடத் திறப்பு விழாவில் இம்முறை வெளிப்படையாக விளக்கிக் காட்டப்பட்டது. நெடுங்காலம் காசநோயால் வருந்திய பிரெயில் 43 ஆம் வயதில் இறந்தார். பள்ளி இம்முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854 இல்தான்.

தமிழிலும் கணினியிலும்

விடுதலைக்குப் பின் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே வடிவம். அச்சில் 'கொ' என்பதில் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்க, பிரெயிலில் ககரத்தை அடுத்து ஒகரம் வருகிறது.

கணினிக்காக மேலும் இரண்டு புள்ளிகள் சேர்க்கப்பட்டு 256 வடிவங்கள் ஆயின. இவை 1999 இல் யூனிகோடில் இடம்பெற்றன. தொடு திரைக்கருவியில், மின்னழுத்தம் பட்டால் வளையும் துண்டுகள் சிறு ஊசிகளை உயர்த்தித் திரையின் ஒரு வரியைப் புள்ளிகளாகக் காட்டும். விலை அதிகமாதலால் இந்தியாவில் பலர் பேச்சொலியை நம்பியுள்ளனர். ஜாஸ் திரைவாசிப்பான் 1995 இல் விண்டோசுக்கு வந்தது. இலவசமான என்விடிஏ 2006 இல் ஆத்திரேலியாவில் தொடங்கப்பட்டது. பேச்சொலியில் நகரமும் னகரமும் வேறுபடாமல் ஒலிக்கலாம். பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் எழுத்தருக்கு இது சிறு சிக்கல் அன்று. விரலடியில் பிழை உடனே தெரியும்.

எனினும் இரு வழியும் மென்பொருள் தரும் செய்தியையே சார்ந்தவை. படம் மட்டும் பொறித்து, பெயர் சூட்டாமல் விட்ட பொத்தானைத் திரைவாசிப்பான் வெறும் பொத்தான் என்றே அறிவிக்கும். அது சேமிப்பதா அழிப்பதா எனத் தெரியாது. சுட்டியால் மட்டும் இயங்கும் பட்டியல், விசைப்பலகையில் வேலை செய்பவருக்கு எட்டாது. புடைப்பெழுத்து நூல்களைப் போலவே இவையும் கண்ணை மட்டும் எண்ணிச் செய்யப்பட்டவை. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுகலையும் உள்ளடக்குகிறது.

நினைவு

இறந்து நூறாண்டு நிறைந்த 1952 இல் இவரது உடல் எச்சங்கள் பாரிசின் பாந்தியோன் மண்டபத்திற்கு மாற்றப்பட்டன. கைகள் மட்டும் கூப்வ்ரேயிலேயே உள்ளன. 2009 இல் இருநூறாவது பிறந்தநாளையொட்டி இந்திய அரசு இவர் உருவம் பொறித்த 2 ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. 2019 முதல் சனவரி 4 உலக பிரெயில் நாளாக ஐக்கிய நாடுகள் அவையால் கடைப்பிடிக்கப்படுகிறது.