கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள்

(மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவி)

ஓடுகிற ரயிலில் ஒரு சின்னப் பெண் பாடிக்கொண்டே வந்து கை நீட்டினால் நாம் என்ன செய்வோம் நண்பர்களே? சில்லறை இருந்தால் போடுவோம். இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். காலையில் மயிலத்தில் ஏறினால் பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அடுத்தது விழுப்புரம். அதற்குள் யாராவது ஒருவர் பாடிக்கொண்டு வந்துவிடுவார். சீசன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பல நாள் ஜன்னல் பக்கம் திரும்பியவள்தான். பொய் சொல்லவில்லை.

அப்படி ரயிலில் பாடிக் காசு வாங்கிய ஒரு சிறுமி, பின்னாளில் ஒரே படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். ஔவைப் பாட்டி என்றால் இந்த முகம்தான் என்று தமிழ்நாடே நினைக்கும்படி செய்தார். அவர்தான் கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார். எங்கள் ஆயா அவரை கேபியெஸ் என்றுதான் சொல்லும், ஏதோ சொந்தக்காரரைச் சொல்வது போல.

1908-ஆம் ஆண்டு, காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தார். ஊர் இன்றைக்கு ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. தாயார் பெயர் பாலாம்பாள். வீட்டில் வறுமை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் ஒற்றை ஆளாய்ப் பட்ட பாடு கொஞ்சமில்லை. படிப்புக்கெல்லாம் எங்கே வழி? குரல் மட்டும்தான் இருந்தது. அந்தக் குரலை ரயிலில் கேட்டுவிட்டுத்தான், ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச அய்யர், இந்தப் பெண்ணை வேலு நாயர் நாடகக் கம்பெனிக்கு அனுப்பி வைத்தார் என்று சொல்வார்கள்.

கம்பெனியில் முதலில் கிடைத்தது பாலபார்ட், அதாவது சிறுவர் வேடம். நல்லதங்காள் நாடகத்தில் பசி தாங்காமல் அழும் பிள்ளையாக வந்தார். பசியை நடித்துக் காட்ட அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். அப்புறம் வளர வளர ஸ்திரீபார்ட், ராஜபார்ட் இரண்டுமே. வள்ளி திருமணத்தில் வள்ளியாகவும் வருவார், வேலனாகவும் வருவார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது மைக் இல்லாத காலம். கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். ஐந்து கட்டை சுருதியில் பாடுவார் என்று பழைய ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். போன செமஸ்டரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மினி புராஜெக்டாக ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபயர் செய்தோம். எல்.எம்.386 ஐ.சி., ஒன்பது வோல்ட் பேட்டரி, பழைய ரேடியோவில் பிடுங்கிய ஸ்பீக்கர். சோதித்துப் பார்க்க என் போனில் இருந்த கேபியெஸ் பாட்டைத்தான் போட்டேன். கீழ் ஸ்தாயியில் ஒழுங்காகப் பாடிய ஸ்பீக்கர், அம்மையார் மேலே போனதும் கரகரவென்று இழுத்துவிட்டது. சி.ஆர்.ஓ. திரையில் பார்த்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு நிற்கிறது. இவ்வளவு சின்ன ஐ.சி.க்கு அந்தக் குரல் தாங்காது, வால்யூமைக் குறை என்று லேப் சார் சிரித்தார். வெறும் தொண்டையிலேயே ஒரு கொட்டகையை நிரப்பியவர் என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் இலங்கை, பர்மா என்று கடல் தாண்டியும் நம்ம நாடகக் கம்பெனிகள் போய் வந்தன. கொழும்பு மேடையில்தான் அம்மையாரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஜோடி சேர்ந்தார்கள். கிட்டப்பா செங்கோட்டைக்காரர். சிறு வயதிலேயே மேடை ஏறி, கன்னையா கம்பெனி நாடகங்களில் பெரும் புகழ் பெற்றவர். அவர் குரலும் வானத்தைத் தொடும் குரல். இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றால் யார் யாரை ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கவே கூட்டம் கூடும். 1927-இல் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு அது இரண்டாம் தாரம்.

அந்த வாழ்க்கை சுகமாக அமையவில்லை. கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கம். சேர்ந்திருந்ததும் பிரிந்திருந்ததுமாகக் காலம் போனது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிந்திருந்த நாட்களில் அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. கோபமும் இருக்கிறது, கெஞ்சலும் இருக்கிறது, கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கவலையும் இருக்கிறது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் பிறகு மாற்றவே இல்லை. நகை இல்லை, பொட்டு இல்லை. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார்.

இதை எழுதும்போது என் பேனா கொஞ்சம் நிற்கிறது. என் அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அம்மாவுக்கு 26. செங்கல் சூளை வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்த்தான் அம்மா என்னைப் படிக்க வைக்கிறது. நான் பாலிடெக்னிக்கில் சேர அட்மிஷனுக்குக் கிளம்பிய காலையில், நல்ல காரியத்துக்குப் போகும் பெண்ணுக்கு எதிரே வரவேண்டாம் என்று ஒரு உறவுக்காரர் சொன்னதைக் கேட்டு அம்மா தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டது. பீஸ் கட்ட ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்தது அம்மா, எதிரே வரக் கூடாதவளும் அம்மா! அதனால் வெள்ளைச் சேலை என்றால் எனக்குப் பிடிக்காது. அம்மையார் செய்த அந்த முடிவையும் முழு மனதோடு பாராட்ட எனக்கு வரவில்லை. விட்டுவிட்டுப் போன மனுஷனுக்காக இவர் ஏன் நாற்பத்தாறு வருஷம் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டும் என்று ஆயாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆயா பதில் சொல்லாது. அடுத்து நடந்ததைப் படி என்று மட்டும் சொல்லும்.

அடுத்து நடந்தது இதுதான். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அவரைத் தேடி அசன்தாஸ் என்ற பட முதலாளி வந்தார். நந்தனார் கதையைப் படமாக எடுக்கிறேன், நீங்கள்தான் நந்தனார் என்றார். ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்று அம்மையார் கேட்டார் என்றும், அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்றும் சொல்வார்கள். ஒரு சவரன் முப்பது ரூபாய்கூட விற்காத காலம்! இந்தக் கணக்கை நான் வீட்டில் சொன்னபோது அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, மூவாயிரம் சவரனைத் தாண்டியதும் நிறுத்திவிட்டது. 1935-இல் பக்த நந்தனார் வெளிவந்தது. ஆண் வேடம் என்பதால் எடுத்த முடிவுக்கும் பங்கமில்லை. மகாராஜபுரம் விசுவநாத அய்யர் வேதியராக நடித்தார். பாட்டுக்குப் பாராட்டு கிடைத்தாலும் படத்துக்குக் கிடைக்கவில்லை. படத்தில் வரும் மரமும் ஆடும் மனிதர்களைவிட நன்றாக நடித்திருப்பதாக கல்கி ஆனந்த விகடனில் கிண்டலடித்தார். அம்மையார் அதற்காக மறுபடி முடங்கிவிடவில்லை. 1940-இல் மணிமேகலை வந்தது.

இதற்கிடையில் தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். 1937 தேர்தலில் அவர் பாட்டுக்குக் கூடிய கூட்டம் கட்சிக்குப் பெரிய பலமாக இருந்தது. காந்தியடிகள் கொடுமுடி வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு வைத்ததாகவும், சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்க, தட்டையும் சுதந்திர நிதிக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு சம்பவத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். 1951-இல் சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் சினிமாக் கலைஞர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா எல்லாம் அதற்கு வெகு காலம் பின்னால் வந்தவர்கள். நம்ம பொது அறிவுப் போட்டிகளில் இந்தக் கேள்வியை ஏன் கேட்பதில்லை என்று தெரியவில்லை!

1953-இல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரித்த ஔவையார். டைரக்‌ஷன் கொத்தமங்கலம் சுப்பு. யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கும் காட்சியை இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் வாயைப் பிளந்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லை, நிஜ யானைகள். ஔவையாருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. பாரி இறந்த பிறகு அவன் பெண்கள் அங்கவை, சங்கவைக்கு ஔவை திருக்கோவிலூரில்தான் கல்யாணம் செய்து வைத்தாள் என்பது கர்ண பரம்பரைக் கதை. இதில் நான் கவனித்தது ஒன்று. நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாது என்று ஊர் ஒதுக்கும் அதே வெள்ளைச் சேலைதான். அதைக் கட்டிக்கொண்டு அம்மையார் திரையில் வந்தபோது ஜனங்கள் கும்பிட்டார்கள். வேஷத்துக்கென்று தனியாக அவர் வெள்ளை உடுத்த வேண்டியிருக்கவில்லை, வீட்டில் உடுத்தியதும் அதுதான். அப்போது அவருக்கு 44 வயது.

அடுத்த படத்துக்குப் பதினோரு வருஷம். 1964-இல் பூம்புகார். கலைஞர் கருணாநிதி வசனம், எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. அம்மையார் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. கோவலன் அநியாயமாகக் கொலைப்பட்ட பிறகு வரும் பாட்டில், தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்பது போல முதலில் ஒரு வரி இருந்ததாம். முருக பக்தையான அம்மையார் இதை நான் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எழுதியவரோ பகுத்தறிவுவாதி. ஆனாலும் பிடிவாதம் பிடிக்காமல், தெய்வம் வந்துவிட்டது என்கிற பொருளில் வரியை மாற்றிக் கொடுத்தார். இரண்டு பேருமே தங்கள் கொள்கையை விட்டுவிடவில்லை, பாட்டும் நின்றுவிட்டது. எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும்.

1965-இல் ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல். சிவபெருமானாக நம்ம விழுப்புரம் சின்னையா கணேசன், அதாவது நடிகர் திலகம் சிவாஜி. மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலை ஏறிவிட்ட முருகனைச் சமாதானப்படுத்த வரும் ஔவையாக அம்மையார். பங்குனி உத்திரம் வந்தால் மயிலம் மலையடிவாரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஓயாது. காவடி தூக்கி வருகிறவர்கள் படிக்கட்டில் கால் வலித்து நிற்கும்போது அந்தக் குரல் வந்தால் மறுபடி ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை, காரைக்கால் அம்மையார் என்று வரிசையாகப் பக்திப் படங்கள். மொத்தமாக எண்ணினாலும் அவர் நடித்த படங்கள் ஒரு டஜனைச் சுற்றித்தான் இருக்கும். இன்றைய நடிகைகள் இரண்டு வருஷத்தில் முடித்துவிடும் கணக்கு. 1969-இல் வந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. சொந்த ஊரான கொடுமுடியில் தம் பெயரில் ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். 1980-இல் காலமானார்.

போன மகாசிவராத்திரி இரவு டி.வி.யில் திருவிளையாடல் போட்டார்கள். நான், அம்மா, ஆயா மூன்று பேரும் பார்த்தோம். அம்மா வழக்கமாகப் பாதியில் தூங்கிவிடும், அன்றைக்குத் தூங்கவில்லை. ஔவையார் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, அந்தம்மா பேருக்கு முன்னாடி இருக்கிற கே.பி.ன்னா என்ன என்று கேட்டது. கே என்றால் கொடுமுடி, பி என்றால் பாலாம்பாள், அவங்க அம்மா பேரு என்று சொன்னேன். அப்படியும் போடுவாங்களா என்று கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் காலத்திலேயே போட்டிருக்காங்க என்றேன்.

இந்த மலருக்குக் கட்டுரை கொடுக்கும்போது மலர்க்குழு அண்ணனிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். பொருளடக்கத்தில் என் பெயரை அச்சடிக்கும்போது அப்பா இன்ஷியலோடு அம்மா இன்ஷியலையும் சேர்த்துப் போட வேண்டும். ரிஜிஸ்டரில் ஒரு எழுத்துதானே இருக்கிறது என்று முதலில் யோசித்தவர், பிறகு சரி என்று எழுதிக்கொண்டார். மலர் வந்ததும் வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்துப் போக வேண்டும். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிக்கும், ஆனால் அந்த ஒரு எழுத்து தெரியும்.