லூயி செவர்லே

அமெரிக்க நாட்டின் ஊர்களில், கோடைக்காலத்தில், பழைய மோட்டார் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டும் கூட்டங்கள் நடைபெறுவதுண்டு. வண்டிகளின் முன்மூடிகளைத் திறந்து வைத்துத் தலை நரைத்த முதியோர் அவற்றைச் சூழ்ந்து நிற்பர். இளமையில் தாம் ஓட்டிய வண்டியின் எஞ்சின் எத்தனை கன அங்குலம் கொண்டது, எத்தனை குதிரைத்திறன் அளித்தது என்பவற்றை, பெற்ற பிள்ளையின் பிறந்த நாளைச் சொல்வது போல் அவர்கள் பிழையின்றிச் சொல்வர். அவ்வண்டிகளுள் பலவற்றின் மேல் செவர்லே என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அஃது ஒரு மனிதரின் பெயர். அவரோ அவ்வண்டிகளுள் ஒன்றையும் கண்டவர் அல்லர். தம் பெயரால் வண்டி செய்து விற்கும் உரிமையைக்கூட இழந்தவர்.

லூயி செவர்லே 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டில் கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற லா ஷோ-த-ஃபோன் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் கடிகாரம் செய்பவர். நுண்ணிய பொறிகளைக் கையாளும் திறம் மைந்தருக்கும் வாய்த்தது. பின்னர் அக்குடும்பம் பிரான்சு நாட்டுப் போன் நகரில் குடியேறியது. அங்கு லூயி ஒரு மிதிவண்டிக் கடையில் பழுது பார்க்கும் வேலையில் அமர்ந்தார். மிதிவண்டிப் பந்தயங்களிலும் கலந்துகொண்டார். திராட்சை மது மிகுதியாக விளையும் வட்டாரம் அது. ஒரு பீப்பாயிலிருந்து மற்றொன்றிற்கு மதுவை விரைவாக மாற்றும் இறைப்பி ஒன்றையும் இளமையிலேயே அவர் அமைத்தார்.

1900ஆம் ஆண்டு கடல் கடந்து கனடா சென்றார். விரைவிலேயே நியூயார்க் நகரை அடைந்தார். 1905ஆம் ஆண்டு மே மாதத்தில் மோரிஸ் பார்க் பந்தயத் திடலில் ஃபியட் வண்டியை ஓட்டி, அந்நாளில் அமெரிக்காவின் தலைசிறந்த ஓட்டுநராய் விளங்கிய பார்னி ஓல்டுஃபீல்டை வென்றார். ஒரே நாளில் நாடறிந்த மனிதரானார். பருத்த உடலும் அடர்ந்த மீசையும் உடைய அவர், அச்சம் என்பதை அறியாதவர் போல வண்டி ஓட்டினார். பலமுறை விபத்துக்குள்ளாகிப் படுக்கையில் கிடந்தும் மீண்டும் மீண்டும் திடலுக்கே வந்தார். தம்பியர் ஆர்தர், காஸ்டன் ஆகிய இருவரும் அவ்வழியே வந்தனர்.

அவர் ஆற்றலைக் கண்ட வணிகர் வில்லியம் டியூரன்ட், தமது ப்யூக் நிறுவனத்தின் பந்தயக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெருநிறுவனத்தை 1908இல் தோற்றுவித்தவர் இந்த டியூரன்ட்டே. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் கடன் கொடுத்தோர் நிறுவனத்தின் ஆட்சியை அவர் கையினின்றும் பறித்தனர். புதியதொரு நிறுவனம் அமைத்து இழந்ததை மீட்க அவர் எண்ணினார். அதற்கு மக்கள் அறிந்த பெயர் ஒன்று வேண்டும். பந்தய வீரரின் பெயரினும் சிறந்த பெயர் எது? 1911ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் செவர்லே மோட்டார் நிறுவனம் பிறந்தது.

லூயி உருவாக்கிய முதல் வண்டி ஆறு சிலிண்டர்களையும் 299 கன அங்குலக் கொள்ளளவையும் 40 குதிரைத்திறனையும் உடையது, வலிமை வாய்ந்தது, அழகியது. அதன் விலை 2,150 டாலர். ஃபோர்டு நிறுவனத்தின் டி மாதிரி வண்டியோ அதில் மூன்றில் ஒரு பங்கினும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. எளியோர் வாங்கும் மலிவான வண்டியை டியூரன்ட் விரும்பினார். தம் பெயரைத் தாங்கும் வண்டி தரத்தில் தாழ்தலை லூயி விரும்பவில்லை. லூயி சிகரெட் பிடித்ததைப் பற்றி எழுந்த சச்சரவே பிரிவுக்குக் காரணம் என்றொரு கதையும் வழங்குகிறது. சிகரெட்டுப் பொறி வெடிமருந்தில் விழுந்திருக்கலாம். ஆனால் வெடிமருந்து வேறு. 1913இல் லூயி வெளியேறினார். தம் பங்குகளை விற்றார். பெயர் மட்டும் நிறுவனத்திடமே நின்றுவிட்டது.

அப்பங்குகளின் மதிப்பு விரைவிலேயே பன்மடங்கு உயர்ந்தது. 490 டாலர் விலையுள்ள செவர்லே வண்டி 1915இல் வெளிவந்து பெருக விற்றது; அந்த வலிமையைக் கொண்டே டியூரன்ட் 1916இல் ஜெனரல் மோட்டார்சை மீண்டும் கைப்பற்றினார். வணிகக் கணக்கில் அவர் கொள்கையே வென்றது என்பதை மறுக்க இயலாது. லூயி அப்பெருஞ்செல்வத்தில் பங்கு பெறவில்லை.

அவர் சோர்ந்திருக்கவுமில்லை. தம் பெயரை இட இயலாமையால், கனடாவின் பழைய ஆளுநர் ஒருவரின் பெயரை இட்டு, ஃபிரான்டெனாக் என்னும் பந்தய வண்டிகளைத் தம்பியரோடு செய்யத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டில், இண்டியானாபொலிசில் நடக்கும் 500 மைல் பந்தயத்தில், அண்ணன் அமைத்த வண்டியை ஓட்டித் தம்பி காஸ்டன் வெற்றி பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்த மற்றொரு பந்தயத்தில் மோதி, அந்த 28 வயது இளைஞர் உயிர் துறந்தார். துயரத்தின் நடுவிலும் லூயி அமைத்த எட்டு சிலிண்டர் வண்டி 1921இல் டாமி மில்டன் கையில் மீண்டும் அப்பந்தயத்தை வென்றது.

பின்னர் அவர் செய்த வேலையே எளியோருக்கு வேகத்தை அளித்தது. ஃபோர்டின் டி மாதிரி எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. எரிபொருட்கலவை வளைந்து நெளிந்தே உட்புக வேண்டும். எரிந்த புகையும் அவ்வாறே வெளியேற வேண்டும். மூச்சு முட்டுபவன் விரைந்து ஓடுவது எங்ஙனம்? அவ்வெஞ்சின் 20 குதிரைத்திறனே தந்தது. வால்வுகளைச் சிலிண்டருக்கு மேலே கொண்ட புதிய தலைப்பகுதியைச் செவர்லே உடன்பிறந்தார் வார்த்து விற்றனர். பழைய தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு இதனைப் பொருத்தினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விட்டது. சிற்றூர் இளைஞர்கள் இதனை வாங்கிப் பொருத்தி மண் திடல்களில் பறந்தனர். 1923இல் இத்தகைய ஃபோர்டு வண்டி ஒன்று இண்டியானாபொலிசில் ஐந்தாம் இடத்தையே பிடித்தது. எந்த மலிவு வண்டிக்காக லூயி தம் நிறுவனத்தைத் துறந்தாரோ, அத்தகைய வண்டிக்கு அவரே உயிரூட்டியது வியப்பன்றோ!

வாழ்வு அதன்பின் இறங்குமுகமாயிற்று. ஆர்தருடன் விமான எஞ்சின் செய்யும் தொழிலில் இறங்கினார். உடன்பிறந்தாருக்குள் பிணக்கு நேர்ந்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் எஞ்சியதையும் விழுங்கியது. 1930க்குப் பின் அவர் தம் பெயரைத் தாங்கிய தொழிற்சாலைக்கே கூலிக்கு வேலை செய்யச் சென்றார். நோயுற்று, 1941ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் மறைந்தார். இண்டியானாபொலிசில், தம்பி காஸ்டன் துயிலும் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1955இல் செவர்லே வண்டியில் ஒரு புதிய எஞ்சின் வந்தது. இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் எட்டு சிலிண்டர்கள், வால்வுகள் மேலே, 265 கன அங்குலம், 162 குதிரைத்திறன். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆற்றல் ஏறிக்கொண்டே போயிற்று. நடுத்தர வண்டியில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி விற்ற அவ்வகையை அந்நாட்டார் மசில் கார் என்றனர். 1970ஆம் ஆண்டின் செவெல் வண்டியில் 454 கன அங்குல எஞ்சின் 450 குதிரைத்திறன் வரை அளித்தது. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் 1973இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியும் அக்காலத்தை முடித்துவைத்தன.

கோடைக்காலக் கூட்டங்களில் முதியோர் குனிந்து பார்ப்பது அவ்வண்டிகளின் எஞ்சின்களையே. 1955ஆம் ஆண்டு எஞ்சினில் வால்வுகளை மூடியிருக்கும் தகட்டின் மேல், கையெழுத்தைப் போன்ற எழுத்துகளில், செவர்லே என்று புடைத்து நிற்கிறது.