கையில் பிடித்த கணக்கு



ஏ ப்ளஸ் பி ஹோல் க்யூப் என்றால் என்ன? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஏ க்யூப், மூன்று ஏ ஸ்கொயர் பி, மூன்று ஏ பி ஸ்கொயர், பி க்யூப். சரி, அந்த மூன்று எங்கேயிருந்து வந்தது? பெருக்கிப் பார்த்தால் வரும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கையில் எடுத்துக் காட்டு பார்ப்போம் என்று யாராவது கேட்டால்? அங்கேதான் நம்மில் பலர் மாட்டிக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததை இன்றைக்கு வரைக்கும் அப்படியே சுமந்துகொண்டு வருகிறோம். மேத்ஸ் பேப்பரில் அரியர் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மூன்றைச் சின்னக் குழந்தைகளின் கையில் மரக்கட்டையாகக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பெண்மணி உண்டு. அவரும் நம்மைப் போல டெக்னிக்கல் ஸ்கூலில் படித்தவர். இன்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். பெயர் மரியா மாண்டிசோரி. நம்ம ஊரில் நர்சரி ஸ்கூல் போர்டில் பார்க்கிற பெயர்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கை நமக்குத் தெரிய வேண்டிய ஒன்று.

டெக்னிக்கல் ஸ்கூல் பெண்

இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி பிறந்தார் மரியா. அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். குடும்பம் 1875இல் ரோம் நகருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் படித்த பெண் என்றால் டீச்சர் வேலைக்குப் போகலாம், அவ்வளவுதான். வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். மரியாவோ 1883இல், 13 வயதில், டெக்னிக்கல் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். அதை முடித்ததும் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட். கணிதமும் பௌதிகமும் அவருக்குப் பிடித்த பாடங்கள். 1890இல் அந்தப் படிப்பை முடித்து வெளியே வந்தார்.

வந்த பிறகு மனசு மாறியது. இன்ஜினியரிங் வேண்டாம், டாக்டர் ஆகிறேன் என்றார். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. ஆனாலும் போராடி ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது அன்றைக்கு ஒழுங்கீனம். அதனால் மற்றவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, பிணங்களுக்கு நடுவே தன்னந்தனியாக நின்று அந்தப் பாடத்தைப் படித்து முடித்தார். 1896இல் பட்டம். இத்தாலியின் முதல் சில பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர் ஆனார்.

பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கிடைத்த பாடம்

டாக்டரான பிறகு மனநல மருத்துவமனைகளுக்குப் போய்வந்தார். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் அங்கே பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கவோ எடுத்து விளையாடவோ அந்த அறையில் ஒரு சாமான் கிடையாது. இந்தக் குழந்தைகளுக்கு மருந்தை விடக் கைக்கு வேலைதான் முக்கியம் என்று மரியா கண்டுகொண்டார். இதே வழியில் முன்னால் நடந்த இடார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் எழுத்துகளைத் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிப் படித்தார். தொட்டும் பிடித்தும் கற்ற அந்தக் குழந்தைகளில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதுகிற பொதுத் தேர்வையே எழுதிப் பாஸ் செய்தார்கள். எல்லோரும் அதிசயம் என்றார்கள். மரியாவுக்கு வேறொரு கவலை வந்தது. இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்தால், நல்ல நிலையில் இருக்கிற பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்கின்றன?

இதே காலத்தில் அவர் சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய துக்கம். 1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் டாக்டர் வேலையும் போகும், பெயரும் போகும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர விட்டார். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் வழி காட்டியவர், தன் பிள்ளையை வெளிப்படையாகத் தன் பிள்ளை என்று சொல்ல முடியாமல் வருஷக்கணக்காக வாழ்ந்தார்.

கட்டையே வாத்தியார்

1907 ஜனவரி 6ஆம் தேதி, ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் சுவரில் கிறுக்கிக்கொண்டு திரியும். கட்டடத்துக்காரர்களுக்கு அது தலைவலி. பிள்ளைகளை ஓர் இடத்தில் உட்கார வைக்க வேண்டும், அதற்குத்தான் மரியாவைக் கூப்பிட்டார்கள். அவரோ அந்த அறையை ஒரு லேப் ஆக்கிவிட்டார்.

ஒரு மரப்பலகை. அதில் பத்துக் குழி, குழிக்கு ஒன்றாகப் பத்து உருளை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பப் பொருத்த வேண்டும். ஒன்று இடம் மாறிப் போனாலும் கடைசி உருளை நுழையாது, இல்லையென்றால் தொளதொளவென்று ஆடும். தப்பு என்று டீச்சர் சொல்லவே வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். நம்ம மெட்ராலஜி லேபில் கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அதே தத்துவம்! மூன்று வயசுச் சிறுமி ஒருத்தி இதை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். பக்கத்தில் மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தார்கள், அவளை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவைதான் கணக்குச் சாமான்கள். ஒரு மணி என்றால் ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனம் ஆயிரம். புள்ளி, கோடு, பரப்பு, கன அளவு எல்லாம் இதிலேயே வந்துவிட்டது. ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு அது நூறை விட எவ்வளவு கனம் என்று கையே சொல்லிவிடும்.

பிதாகரஸ் தேற்றத்துக்கு உலோகத் தகடுகள். செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5. சின்ன இரண்டு சதுரங்களிலும் 9, 16 என்று இருக்கிற குட்டிச் சதுரங்களை எடுத்துப் பெரிய சதுரத்தில் அடுக்கினால் 25 இடமும் நிறைந்துவிடும். மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை.

ஆனால் முழுக்கக் கட்டையை நம்பியே இருக்கச் சொன்னவர் அல்ல அவர். கையில் பழகிய பிறகு சாமானை விட்டுவிட்டுத் தாளுக்குப் போக வேண்டும், கடைசியில் தாளும் இல்லாமல் மனசுக்குள் போட வேண்டும். கட்டையில் ஏறித்தான் சூத்திரத்துக்குப் போக வேண்டும், கட்டையிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. 1934இல் பார்சிலோனாவில் வெளிவந்த அவருடைய எண்கணித நூலும் வடிவியல் நூலும் இந்தப் பாதையைத்தான் விவரிக்கின்றன.

குறைகள் சொன்னவர்களும் உண்டு. 1914இல் அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக், இந்தச் சாமான்களில் கற்பனைக்கு இடம் போதாது என்று ஒரு புத்தகமே எழுதினார். அங்கே இருந்த வேகம் குறைந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தம் பள்ளிகள் பரவ வேண்டும் என்பதற்காக 1920களில் முசோலினி அரசின் ஆதரவை மாண்டிசோரி ஏற்றுக்கொண்டார். குழந்தைகளைச் சிப்பாய்களாக்க நினைத்த அரசோடு அந்த உறவு நிலைக்கவில்லை. 1934இல் அது முறிந்தது.

அடையாறும் கொடைக்கானலும்

1939 நவம்பரில் தியாசபிகல் சொசைட்டி அழைப்பில் மெட்ராஸ் அடையாறுக்கு வந்தார். அப்போது வயது 69. முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவருக்கு உலகப் போர் வழியை அடைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். கூடவே வந்த மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. அந்த ஆகஸ்ட் 31, அவருடைய 70ஆவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுதலை செய்வதாக அதில் இருந்தது. வெளியே மரியோவை மருமான், வளர்ப்பு மகன் என்றெல்லாம் சொல்லி வந்த காலம் போய், அரசாங்கத் தந்தியே அவரை மகன் என்று எழுதிவிட்டது!

பிறகு இருவரும் சில காலம் கொடைக்கானலில் தங்கினார்கள். ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான வேலைகள் பல அங்கே உருவாயின. 1946இல் ஐரோப்பா திரும்பினார். 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் காலமானார். இத்தாலி 1990இல் வெளியிட்ட ஆயிரம் லிரா நோட்டில் அவர் முகம் இருந்தது. யூரோ வரும் வரை அது புழக்கத்தில் இருந்தது. ஆயிரத்தைக் குழந்தையின் கையில் வைத்தவருக்குப் பொருத்தமான மரியாதை!

நண்பர்களே, இனி நம்ம வேலை

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏ என்பது 3 செ.மீ., பி என்பது 2 செ.மீ. கார்பென்ட்ரி ஷாப்பில் மிச்சம் விழுகிற கட்டையில் எட்டுத் துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். 3க்கு 3க்கு 3 ஒன்று. 3க்கு 3க்கு 2 மூன்று. 3க்கு 2க்கு 2 மூன்று. 2க்கு 2க்கு 2 ஒன்று. பெரிய கனத்துக்குச் சிவப்பு, சின்ன கனத்துக்கு நீலம் அடியுங்கள். மற்ற துண்டுகளில் ஏ ஸ்கொயர் முகம் சிவப்பு, பி ஸ்கொயர் முகம் நீலம், மீதி எல்லாம் கறுப்பு. எட்டையும் சேர்த்தால் 5 செ.மீ. பெட்டியில் கச்சிதமாக உட்காரும். 27, 54, 36, 8. கூட்டினால் 125.

பெரிய கனத்தின் மூன்று முகங்களிலும் ஒவ்வொரு தட்டைத் துண்டு ஒட்டி நிற்பதைப் பாருங்கள். அந்த மூன்று வந்தது அங்கேயிருந்துதான்! அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மூடி மூடாது. அல்ஜீப்ராவோடு ஃபிட்டிங்கும் கற்றுக்கொள்ளலாம்.

நம்ம ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஹைஸ்கூல்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு நம் சங்கத்தின் சார்பில் பத்துப் பெட்டி செய்து கொடுத்தால் என்ன? டெக்னிக்கல் ஸ்கூலில் படித்த ஒரு பெண் தொடங்கி வைத்த வேலை இது. பாலிடெக்னிக்கில் படிக்கிற நமக்கு ரம்பமும் அரமும் கையில் இருக்கிறது. சூத்திரத்துக்குப் பயந்து ஒதுங்குகிற ஒரு பிள்ளையாவது அந்தக் கட்டைகளை அடுக்கிவிட்டு, அட, இவ்வளவுதானா என்று நிமிர்ந்து பார்த்தால், நாம் அறுத்த கட்டைக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.