புரதத்தூள் டப்பாவில் சந்தித்த சுப்பாராவ்

சென்ற ஆண்டு சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடையில் இரண்டு கிலோ புரதத்தூள் டப்பா ஒன்றை வாங்கினேன். தேசிய சேவைக்குப் போகச் சில மாதங்களே இருந்தன. அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஃபேரர் பார்க் பக்கம் இருக்கும் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியதும் ஒரு கரண்டித் தூளைப் பாலில் கலக்கிக் குடிப்பேன்.

எங்களோடு இருக்கும் பாட்டிக்கு வயது 74. பல ஆண்டுகளாக முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் கையை மடக்கவே முடியாது. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, மெதோட்ரெக்சேட் என்ற மாத்திரையைச் சாப்பிடுவார். வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. அந்த மருந்து வந்த பிறகுதான் அவரால் மறுபடியும் பூக்கட்ட முடிந்தது.

பாட்டி மெலிந்துகொண்டே போகிறாரே என்று எனக்குக் கவலை. எனக்கு நல்லது என்றால் அவருக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். தினமும் காலையில் ஒரு கரண்டித் தூளை அவர் பாலிலும் கலந்து கொடுத்தேன். பேரன் கொடுக்கிறான் என்று அவரும் மறுக்காமல் குடித்தார்.

ஆறு வாரம் கழித்து வழக்கமான இரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு கூடியிருந்தது. மெதோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் சோர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கி நஞ்சாகிவிடும். புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றோம். எங்களைப் பொறுத்தவரை புரதத்தூள் மருந்து இல்லை. மருத்துவர் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார்.

இரண்டு வாரத்தில் பாட்டியின் விரல்கள் மீண்டும் வீங்கின. ரவிக்கை ஊக்கைக்கூட அம்மாதான் மாட்டிவிட வேண்டியிருந்தது.

அடுத்த முறை போனபோது மருந்தாளர் கேள்வியை வேறு மாதிரி கேட்டார். சத்துமாவு, மூலிகை, பவுடர் ஏதாவது உண்டா என்றார். நான் கைப்பேசியில் டப்பாவைப் படமெடுத்துக் காட்டினேன். மோர்ப்புரதம், சோயா லெசித்தின், இனிப்பூட்டி, கால்சியம், துத்தநாகம், ஃபோலிக் அமிலம் என்று பட்டியல் நீண்டது. நடுவில் ஒரு வரி: கிரியாட்டின், ஒரு கரண்டிக்கு மூன்று கிராம். உடம்பில் கிரியாட்டின் சிதைந்தால் கிரியாட்டினின் ஆகிறது. கிரியாட்டின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் பரிசோதனையில் அந்த எண் சற்றுக் கூடலாம். தூளை நிறுத்தினோம். சில வாரங்களில் எண் பழைய நிலைக்கு வந்தது. மாத்திரையும் திரும்பி வந்தது.

அன்று மருந்தாளர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். தசையில் கிரியாட்டின் செய்யும் வேலையைக் கண்டுபிடித்தவரும், மெதோட்ரெக்சேட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஒருவரே, அவர் சென்னையில் படித்தவர் என்றார். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. வார இறுதியில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய் அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் முறை தேறிய மாணவர்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நான்காமவர். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா வெங்கம்மா பிடித்து இழுத்து வந்து பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை தேறினார். தேர்வில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நம்மில் பலருக்கு இந்த இடம் கொஞ்சம் தெம்பு தரும்.

மாநிலக் கல்லூரிக்குப் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார்கள். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் உடையில் போனார். அது பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்குக் கிடைத்தது முழு எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ். அரசு மருத்துவச் சேவையில் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்தார்.

இதற்கிடையில் வீட்டில் பெரிய இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இரண்டு சகோதரர்கள் இறந்தார்கள். உண்ட உணவிலிருந்து சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல், உடல் வற்றி, இரத்தம் குறைந்து போகும் நோய் அது. சுப்பாராவையும் அது தாக்கியது. அவர் பிழைத்துக்கொண்டார்.

இரவில் ஊழியர், பகலில் ஆய்வாளர்

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் கொடுத்த பணத்தில் 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தபடி, வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை செய்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை.

பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்தார். இரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறையைக் கண்டுபிடித்து 1925ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் அது இன்றும் உயிர்வேதியியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

தசையை அந்த முறையில் ஆராய்ந்தபோது ஒரு புதிய பொருள் அகப்பட்டது. பாஸ்பரஸும் கிரியாட்டினும் சேர்ந்த பாஸ்போகிரியாட்டின். ஆண்டு 1927. இரண்டு ஆண்டில் ஏடிபி என்று நாம் பள்ளியில் படிக்கும் பொருளையும் இருவரும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதைத் தனியே கண்டறிந்தார்.

எடையைத் தூக்கும் முதல் சில நொடிகளில் தசை செலவழிப்பது ஏடிபியை. அது தீரத் தீர, பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை மறுபடி நிரப்புகிறது. உடற்பயிற்சிக்கூடத்தில் பலரும் கிரியாட்டின் சாப்பிடுவதற்குக் காரணம் இதுதான். நம் உடம்பும் தினமும் ஒன்றிரண்டு கிராம் கிரியாட்டினைத் தயாரிக்கிறது. மீனிலும் இறைச்சியிலும் கிடைக்கிறது. ஆரோக்கியமானவர்கள் அளவோடு சாப்பிட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு என்று சொல்லச் சான்று இல்லை. பாட்டி போல மருந்தும் பரிசோதனையுமாக இருப்பவர்களுக்குத்தான் கணக்கு மாறுகிறது.

மருந்தும் அதன் இரட்டையும்

சுப்பாராவ் 1930ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் அங்கே நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வுப் பிரிவுக்கே இயக்குநரானார்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை முன்பே கண்டிருந்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பிறகு தெரிந்தது. சுப்பாராவின் குழு 1945ல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. ஆனால் அவர்கள் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

உயிரணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றணுக்களுக்கும் வேண்டும். அப்படியானால் அதைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் வேலை செய்யாத ஒரு போலியைக் கொடுத்தால் என்ன? சுப்பாராவின் குழு தயாரித்த அமினோப்டெரின் என்ற போலியை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது தற்காலிகமானதுதான். ஆனாலும் அதுவரை அந்த நோய்க்கு எதுவுமே கைகொடுத்ததில்லை. அமினோப்டெரினின் தம்பிதான் மெதோட்ரெக்சேட். பெரிய அளவில் புற்றுநோய்க்கும், வாரம் ஒருமுறை சிறிய அளவில் முடக்குவாதத்துக்கும் இன்று உலகமெங்கும் பயன்படுகிறது.

பாட்டி மெதோட்ரெக்சேட்டையும் ஃபோலிக் அமிலத்தையும் வெவ்வேறு நாளில் சாப்பிடுவதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்று சத்து, மற்றொன்று அந்தச் சத்தின் முகமூடி. பக்கவிளைவைக் குறைக்க மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தோடு, நான் தினமும் கணக்கில்லாமல் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

யானைக்கால் நோய்க்கு இந்தியாவில் இன்றும் வழங்கப்படும் டைஎத்தில்கார்பமசின் மருந்தும் சுப்பாராவின் தலைமையில் வந்ததே. அவர் குழுவில் இருந்த பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுவே முதலாவது.

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முகப்பருவுக்காக நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்சிசைக்ளினும் அதே குடும்பம். அதையும் புரதப்பாலோடுதான் விழுங்கிவந்தேன். பாலிலும் தூளிலும் உள்ள கால்சியமும் துத்தநாகமும் இந்த வகை மருந்தைக் குடலிலேயே பற்றிக்கொள்கின்றன. அதனால் இரத்தத்தில் சேரும் மருந்து குறைகிறது. பரு ஏன் குறையவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இப்போது மாத்திரையைத் தண்ணீரோடு சாப்பிடுகிறேன். பாலுக்குச் சில மணி நேர இடைவெளி விடுகிறேன்.

உங்கள் வீட்டு டப்பாவையும் பாருங்கள்

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம், இரும்பு, சோயா மூன்றும் தடையாகலாம். பொதுவாக நான்கு மணி நேர இடைவெளி சொல்வார்கள். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பா, புரதத்தின் அமினோ அமிலங்களோடு போட்டி போட்டுக்கொண்டுதான் இரத்தத்திலும் மூளையிலும் நுழைய வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தூளில் வைட்டமின் கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஊட்டச்சத்துப் பொருள்களை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. ஆகவே வீட்டில் யாராவது தொடர்ந்து மருந்து சாப்பிட்டால், டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். நான் அதைச் செய்யாததற்குப் பாட்டி தன் விரல்களால் விலை கொடுத்தார்.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்தார். ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமைக்கு வழி திறந்த பிறகும் அவர் அதைப் பெறவில்லை. நோபெல் பரிசும் கிடைக்கவில்லை. 1995ல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

இப்போது பாட்டிக்குக் காலையில் ஒரு முட்டை, மதியம் கூடுதலாக ஒரு கரண்டிப் பருப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாத்திரையை எடுத்தபோது இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த மனிதர் கடைசிவரை மனைவியைப் பார்க்கப் போகவே இல்லையா என்று. இல்லை பாட்டி, ஊருக்குத் திரும்பவே இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தண்ணீரை எடுத்து மாத்திரையை விழுங்கினார். பிறகு தேக்காவில் வாங்கிவந்த மல்லிகையை மடியில் கொட்டிக் கட்டத் தொடங்கினார்.