போர்டை மாத்துறதுக்கு முன்னாடி ஜி.டி. நாயுடுவை நினைங்க

பெண்ணாடம் மாதிரி ஊர்ல வீட்டு வாஷிங் மெஷின் நின்னு போச்சுன்னா என்ன நடக்கும்? லைட் எரியாது, பட்டன் அமுக்கினா சத்தமே வராது. பார்க்க வர்றவர் பாதி நேரம் பின்பக்க மூடியைக் கழட்டாமலே போர்டு போச்சு, புதுசு போடணும்னு சொல்லிடுவார். அம்மா உடனே நம்மளைப் பார்ப்பாங்க. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை நாமதானே! நமக்கோ ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே கை நடுங்கும்.

அந்த நடுக்கம் இல்லாத ஒருத்தர் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்துல, 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. நமக்கெல்லாம் ஜி.டி. நாயுடு.

சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்கவே இல்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிஞ்சது. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஓடுற வண்டி! அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சே ஆகணும். கோயம்புத்தூருக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கினவர் ஊர் சுற்றலை. பாகம் பாகமாகக் கழட்டினார், திரும்ப மாட்டினார். அவர் படிச்ச இன்ஜினியரிங் அதுதான்.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்தார். பம்பாய் போய் அதையெல்லாம் இழந்தார். ஊர் திரும்பியதும் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவ, 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அந்த ஒத்தை பஸ்ஸில் இருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் நிறுவனம்.

வெளிநாடுகளுக்குப் போன இடத்திலும் அவர் கண் இயந்திரங்கள் மேலதான். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரை வைத்து 'ரேசன்ட்' என்ற மின்சார ஷேவிங் ரேசரை உருவாக்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைத்தான் சொல்வார்கள். இன்னைக்கு நம்ம வீட்டு கிரைண்டரும் பம்புசெட்டும் கோயம்புத்தூர்ல இருந்து வருதுன்னா, அந்த ஊர் மோட்டார் ஊரா மாறின கதை அங்கிருந்து தொடங்குது. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் காரை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசு உரிமம் தராததால் அது சாலைக்கு வராமலே போனது.

நம்மளை நேரடியா உரசுற விஷயம் இனிமேதான். 1945-ல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. இன்றைய ஜி.சி.டி. அந்தக் கல்லூரிதான். நாயுடுவே முதல்வராக இருந்தார். நாலு வருடப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருடம் போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு வெளியேறினார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

இரண்டு வருடம் போதுமா என்பதில் நமக்குள்ளேயே சண்டை வரலாம். ஆனா நாலு வருடம் படிச்சும் ஒரு மெஷினைக் கூடத் திறந்து பார்க்காம வெளியே போனா, அந்த வாதத்துல அவர்தான் ஜெயிக்கிறார்.

அதனால போர்டை மாத்துறதுக்கு முன்னாடி பாருங்க. பிளக் பாயிண்ட்ல கரண்ட் வருதா? கதவு சுவிட்ச் வேலை செய்யுதா? அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைத் திறங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெபாசிட்டர்ல சார்ஜ் இருக்கும். அது இறங்கினதை மீட்டர் வச்சு உறுதி பண்ணாம போர்டுல கை வைக்காதீங்க. பழக்கம் இல்லைன்னா லேப் அண்ணன் ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கோங்க. கனெக்டர் லூசா, பியூஸ் போயிருக்கா, கெபாசிட்டர் தலை உப்பியிருக்கா, ரிலே காலடியில சால்டர் விரிஞ்சிருக்கா, எறும்போ பல்லியோ புகுந்து ஷார்ட் ஆகியிருக்கான்னு ஒவ்வொண்ணா பாருங்க. பல நேரம் முழு போர்டும் போயிருக்காது, அதுல ஒரு சின்ன பாகம்தான் போயிருக்கும். பியூஸ் போயிருந்தா, அது ஏன் போச்சுன்னு கண்டுபிடிக்காம புதுசு போடாதீங்க.

கழட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போன்ல படம் எடுத்துக்கோங்க. திரும்ப மாட்டணும் இல்லையா? நாயுடுகிட்ட போன் இல்லை. அவர் எல்லாத்தையும் மனசுல வச்சுத்தான் மாட்டினார்.