கிரீந்திரசேகர் போஸ்

கிரீந்திரசேகர் போஸ் (சனவரி 30, 1887 – சூன் 3, 1953) வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவர், உளவியலாளர், உளப்பகுப்பாய்வாளர் ஆவார். இந்தியாவில் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கி வைத்தவர் இவரே. 1922 இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, தம் வாழ்நாள் இறுதிவரை அதன் தலைவராக விளங்கினார். மருத்துவ உளவியலில் இன்றும் விவாதிக்கப்படும் மூன்று கேள்விகள் இவருடைய வாழ்க்கைப் பணியோடு நெருங்கிய தொடர்பு உடையவை. உளச் சிகிச்சை அளிக்கத் தகுதியுடையவர் யார், அதை எங்கே அளிப்பது, மேல்நாட்டுக் கோட்பாடுகள் இந்தியருக்குப் பொருந்துமா என்பன அவை.

பிறப்பும் கல்வியும்

போஸ் இன்றைய பீகார் மாநிலத்திலுள்ள தர்பங்காவில் பிறந்தார். இவருடைய தந்தை சந்திரசேகர் போஸ் தர்பங்கா சமத்தான நிருவாகத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற வங்காள எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவருடைய அண்ணன் ஆவார்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபின், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1910 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமையிலேயே அறிதுயில் கலையில் ஈடுபாடு கொண்டிருந்த இவர், அதைத் தம் நோயாளிகளுக்குச் சிகிச்சையாகப் பயன்படுத்தினார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1916 இல் தொடங்கப்பட்டது. மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே அங்கு மாணவராகச் சேர்ந்து 1917 இல் முதுநிலைப் பட்டம் பெற்ற போஸ், பின்னர் அத்துறையிலேயே பிறழ்வு உளவியல் கற்பித்தார். 1921 இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று இப்பாடத்தில் வழங்கிய முதல் முனைவர் பட்டம் இது.

பிராய்டுடன் தொடர்பு

போசின் ஆய்வேடு, ஏற்க முடியாத விருப்பங்களை மனம் நினைவுக்கு வராதவாறு அமுக்கி வைப்பதைப் பற்றியது. நூலாக வெளிவந்த அதன் படி ஒன்றை அவர் வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். இதிலிருந்து தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1931 இல் பிராய்டின் 75 ஆவது பிறந்த நாளையொட்டி, தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றைச் சங்கம் பரிசாக அனுப்பியது. அச்சிலை இப்போது இலண்டனிலுள்ள பிராய்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

எதிர் விருப்பக் கோட்பாடு

மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு நேர் எதிரான விருப்பமும் தோன்றுகிறது என்பது போசின் கோட்பாடு. ஒருவரை அடிக்க எண்ணுபவரின் மனத்தில், அடி வாங்கும் நிலையில் இருக்கும் விருப்பமும் மறைந்திருக்கும். ஒன்று வெளிப்படும்போது மற்றொன்று அமுங்கி நோய்க்கு வழிவகுக்கிறது. நோயாளி தம்மை எதிர் நிலையில் வைத்துக் கற்பனை செய்யும்படி தூண்டி, மறைந்த விருப்பத்தை வெளிக்கொணர்வதே இவருடைய சிகிச்சை முறையாகும்.

ஐரோப்பிய நோயாளிகளிடம் பிராய்டு கண்ட சில அச்சங்கள் இந்திய ஆண்களிடம் அதே வடிவில் காணப்படவில்லை என்றும், பெண்ணாக இருக்கும் விருப்பம் அவர்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் போஸ் தம் சிகிச்சை அனுபவத்திலிருந்து கருதினார். இது குறித்த கட்டுரைகளை 1929 இல் பிராய்டுக்கு அனுப்பினார். பிராய்டு அவற்றைக் கவனத்துடன் படித்தபோதிலும், கோட்பாட்டை முழுமையாக ஏற்கவில்லை. போசும் தம் கருத்தைக் கைவிடவில்லை.

சங்கமும் மருத்துவமனையும்

உளப்பகுப்பாய்வுச் சங்கம் கல்கத்தாவின் பார்சிபாகான் சந்தில் இருந்த போசின் இல்லத்திலேயே தொடங்கப்பட்டது. பின்னர் அனைத்துலகச் சங்கத்துடன் இணைக்கப்பட்டது. தொடக்க உறுப்பினர் 15 பேரில் 9 பேர் உளவியல் அல்லது மெய்யியல் கற்பித்த ஆசிரியர்கள். மருத்துவர் அல்லாதோர் உளப்பகுப்பாய்வு செய்யலாமா என்பது அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடும் சர்ச்சைக்கு உள்ளாகியிருந்தது. பிராய்டு 1926 இல் மருத்துவர் அல்லாதோருக்கு ஆதரவாகத் தனி நூலே எழுத நேர்ந்தது. கல்கத்தாச் சங்கமோ தொடக்கத்திலேயே அவர்களுக்கு இடமளித்திருந்தது.

1933 இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (இன்றைய ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி) மனநலப் புறநோயாளிப் பிரிவை போஸ் தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றில் இந்தியாவில் அமைந்த முதல் மனநலப் பிரிவு இதுவாகும். அதுவரை மனநோயாளிகளுக்கான அரசு ஏற்பாடு பெரும்பாலும் மதில் சூழ்ந்த காப்பகமாகவே இருந்தது. 1940 இல் அண்ணன் ராஜசேகர் அளித்த இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1947 இல் சமீக்சா என்ற ஆய்விதழைச் சங்கம் வெளியிடத் தொடங்கியது.

எழுத்துப் பணி

போஸ் வங்காள மொழியிலும் எழுதினார். கனவுகளைப் பற்றிய நூல், புராணங்களின் காலவரிசையை ஆராயும் நூல், சிறுவர்க்கான கதை நூல் ஆகியன இவர் எழுதியவற்றுள் அடங்கும்.

மதிப்பீடு

போஸ் பிறரிடம் பகுப்பாய்வுக்கு உட்படாமல், தம்மைத் தாமே ஆராய்ந்து பகுப்பாய்வாளர் ஆனவர். முறையான மேற்பார்வைப் பயிற்சியை இன்றியமையாததாகக் கருதும் இன்றைய நோக்கில் இது ஒரு குறையாகும். உளப்பகுப்பாய்வு பெரும்பாலும் கல்கத்தாவின் கற்றறிந்த வகுப்பினரைத் தாண்டிப் பரவவில்லை என்ற திறனாய்வும் உண்டு. ஆயினும், அயல்நாட்டுக் கோட்பாட்டை அப்படியே ஏற்காமல் தம் நோயாளிகளிடம் கண்டதைக் கொண்டு அதைச் சோதித்தது இவருடைய தனிச்சிறப்பாகும்.

பிற்காலத் தாக்கம்

இந்தியாவில் மருத்துவ உளவியலுக்கான முறையான தொழிற்பயிற்சி போசின் மறைவுக்குப் பின்னரே உருவானது. பெங்களூரில் 1954 இல் நிறுவப்பட்ட அனைத்திந்திய மனநல நிறுவனத்தில் மறு ஆண்டு இதற்கான பட்டயப் படிப்பு தொடங்கியது. 1992 ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் மருத்துவ உளவியலாளர் பதிவைக் கட்டாயமாக்கியது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்களை மனநல வல்லுநராக ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தியபோது, இத்தொழிலுக்கு அடிப்படைத் தகுதியாக இருந்த படிப்பும் கேள்விக்குள்ளானது. 2024 இல் அக்குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவரைச் சேர்க்க இசைவளித்தது. போதிய வல்லுநர் இல்லாத நாட்டில் பயிற்சியின் தரத்தைக் குறைக்காமல் எண்ணிக்கையைப் பெருக்குவது எவ்வாறு என்பதே இவ்விவாதத்தின் மையமாகும்.

சிகிச்சை எங்கே என்ற கேள்வியும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. மனநலப் பிரிவு பொது மருத்துவமனையின் ஓர் அங்கமாக இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எனினும் 2023 பிப்ரவரியில் அதே மாவட்டத்தின் குண்டலப்புலியூரில் உரிமம் இன்றி இயங்கிய ஒரு தனியார் காப்பகத்திலிருந்து மனநலம் குன்றியோர் உள்ளிட்ட பலர் மீட்கப்பட்டு, இம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மனநல நிலையங்கள் பதிவு பெற்றே இயங்க வேண்டும் என 2017 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பின்னரும் பலர் இத்தகைய இடங்களில் விடப்படுவதை இந்நிகழ்வு காட்டியது. பொது மருத்துவமனையின் கதவை மனநோயாளிகளுக்கு 1933 இல் போஸ் திறந்தார். அக்கதவை அவர்கள் உரிய காலத்தில் வந்தடையச் செய்வது இன்னும் நிறைவுறாத பணியாகவே உள்ளது.

மறைவு

போஸ் 1953 சூன் 3 ஆம் நாள் தமது 66 ஆவது அகவையில் காலமானார்.